தோலும் பிணமும்: மருத்துவ மேற்படிப்பில் யாருக்கு எந்தத் துறை?

1

கவுன்சிலிங் நடந்த ஹாலில் சுவரோரமாக ஒரு பலகை வைத்திருந்தார்கள். துறையின் பெயர், கல்லூரியின் பெயர், மிச்சம் இருக்கும் இடம் என்று மூன்று கட்டம். உள்ளே போனவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் பலகையில் ஒரு எண் அழியும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான் பார்த்தது இது. எம்.பி.பி.எஸ். முடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்து, ராத்திரிகளில் படித்துப் பரீட்சை எழுதி, அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான பட்டியலில் பெயர் வந்து, அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டபோது மணி மூன்று. "ஸ்கின் இருக்குங்களா சார்?" என்று கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது காலையிலேயே போயிடுச்சே. உங்க கேட்டகிரியில அனாடமி இருக்கு, ஃபாரன்சிக் இருக்கு, எஸ்.பி.எம். இருக்கு. சட்டுனு சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்குது." ஃபாரன்சிக் என்றேன். அதாவது சட்டம் சார்ந்த மருத்துவம். பச்சையாகச் சொன்னால் பிணத்தை அறுத்துப் பார்த்து, எதனால் செத்தான் என்று எழுதித் தருகிற படிப்பு.

நான் ஸ்கின் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் நைனா வட ஆற்காட்டில் ஒரு டேனரியில் வேலை செய்தவர். சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப்போட்டு, மயிரும் சதையும் போக வழித்து எடுக்கிற வேலை. சுண்ணாம்பும் சல்பைடும் தின்ற கை அவருக்கு. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசைந்தால் எரியும் என்று கரண்டியால்தான் சாப்பிடுவார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவரோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தோல் டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தபடியே "கையைத் திருப்பு" என்றார். திருப்பினார். "எங்க வேலை?" சொன்னார். டாக்டர் சீட்டு எழுதினார். கையைத் தொடவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டார் என்பது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கிற டாக்டராக வேண்டும் என்று அன்றைக்கே நான் முடிவு செய்தேன் என்று எழுதினால் அது பொய். ஆனால் பரீட்சைக்குப் படித்த ராத்திரிகளில் அந்தக் கை என் கண்ணில் நின்றது உண்மை.

ஊருக்குப் போய்ச் சொன்னேன். நைனா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "செத்த மாட்டை அறுத்தது எங்கப்பன். தோலை வழிச்சவன் நான். நீ இத்தனி படிச்சிட்டுப் பொணத்தை அறுக்கப் போறியா?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. எந்தத் துறை உயர்ந்தது, எந்தத் துறை தாழ்ந்தது என்று எவன் முடிவு செய்தான், எப்போது முடிவு செய்தான் என்று தேடத் தொடங்கினேன். தேடியதில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

மருத்துவ மேற்படிப்புக்குப் போட்டி என்றால் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போட்டி என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதற்குள் ஒரு ஏணி இருக்கிறது. இன்றைக்கு இந்திய அளவில் மேல்படியில் இருப்பவை ரேடியாலஜி, பொது மருத்துவம், தோல் மருத்துவம் மூன்றும். முதல் சில ஆயிரம் ரேங்க் எடுத்தவர்கள் இவற்றை எடுத்துவிடுவார்கள். அடுத்து குழந்தை மருத்துவம், மகப்பேறு, எலும்பு, பொது அறுவை. பிறகு மயக்கவியல், கண், காது மூக்கு தொண்டை, மனநலம், நெஞ்சகநோய் என்று கல்லூரியைப் பொறுத்து ஏறி இறங்கும். அடிப்படியில் கிடப்பவை அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மருந்தியல், நுண்ணுயிரியல், சமூக மருத்துவம் என்கிற எஸ்.பி.எம்., அப்புறம் என் ஃபாரன்சிக்.

மேலே முட்டி மோதுகிறார்கள், கீழே ஆளில்லை. 2021ஆம் ஆண்டு நீட் பி.ஜி. சேர்க்கை முடிந்தபோது நாடு முழுக்க 1,456 இடங்கள் காலியாகக் கிடந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. காலியானவற்றில் பெரும்பாலானவை நோயாளியைப் பார்க்காத, பாடம் சொல்லிக்கொடுக்கிற துறைகள் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். இன்னொரு சுற்று கவுன்சிலிங் நடத்த 2022 ஜூனில் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இந்த ஏணியை எது தீர்மானிக்கிறது? பாடம் கடினமா சுலபமா என்பதல்ல. அனாடமி கடினமில்லை என்று எந்த மருத்துவ மாணவனும் சொல்லமாட்டான். உயிரைக் காப்பாற்றுவதா என்பதும் அல்ல. பிரசவ வார்டில் ஒரு ராத்திரியில் காப்பாற்றப்படும் உயிர்களை ஸ்கின் கிளினிக்கோடு ஒப்பிடவே முடியாது. தீர்மானிப்பவை மூன்று. தனியாகக் கடை வைத்துச் சம்பாதிக்க முடியுமா? ராத்திரியில் தூங்க முடியுமா? ரத்தம், மலம், சீழ், சாவு இவற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க முடியும்? அடிப்படித் துறைகளில் முதல் கேள்விக்கே "முடியாது" என்பதுதான் பதில். சம்பளத்தை விட்டால் வேறு வருமானம் இல்லை.

ராத்திரி டியூட்டிக்குப் பயந்து ஸ்கின் எடுக்கும் பெண் டாக்டர்களை நான் குறை சொல்லவில்லை. வீட்டிலும் இரண்டாவது டியூட்டி அவர்களுக்குக் காத்திருக்கிறது. நான் கேட்பது வேறு. பணமும் ஓய்வும் இருக்கிற துறையைத் "திறமை உள்ளவன் துறை" என்று பெயர் மாற்றிச் சொல்கிறார்களே, அந்தப் பெயர் மாற்றம் எப்படி நடந்தது?

3

தோலையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் தோலைத் தொட்டவன் தீட்டுப்பட்டவன். செத்த மாட்டைத் தூக்கி, உரித்து, பதப்படுத்தி, செருப்பும் பறையும் செய்து கொடுத்தவனைச் சேரிக்குத் துரத்திவிட்டு, செய்த பொருளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். டேனரி தொழில் ஏற்றுமதியாகிக் காசு கொட்டத் தொடங்கியபோது முதலாளிகள் வேறு சமூகங்களிலிருந்து வந்தார்கள். சுண்ணாம்புக் குழிக்குள் நின்றவன் மட்டும் மாறவில்லை.

தோல் மருத்துவத்தின் கதையும் இதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை. அந்தத் துறையின் முழுப்பெயரில் இன்றைக்கும் மூன்று சொற்கள் உண்டு: தோல், பால்வினை நோய், தொழுநோய். பழைய அரசு மருத்துவமனைகளில் அந்த வார்டு வளாகத்தின் கடைசியில்தான் இருக்கும். பால்வினை நோய்க்கு வருகிறவன் முகத்தை மூடிக்கொண்டு வருவான். தொழுநோயாளியை ஊரே வெளியில் வைத்தது. செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையை எடுத்து 1955இல் மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அதே காலத்தில் வேலூரில் பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை முறைகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். நாதியற்றவர்களின் துறையாகத்தான் அது இருந்தது. அந்தக் காலத்தில் முதல் ரேங்க் எடுத்தவன் அதற்கு வரவில்லை.

1980களில் கூட்டுமருந்து சிகிச்சை வந்தது. தொழுநோய் குறைந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே போய்விட்டது என்று 2005 டிசம்பரில் இந்தியா அறிவித்தது. இதே காலத்தில்தான் சந்தையும் திறந்தது. லேசர் வந்தது, முடி நடுதல் வந்தது, முகச்சுருக்கம் போக்கும் ஊசி வந்தது, சிவப்பழகு வந்தது. வார்டிலிருந்து தொழுநோயாளி வெளியே போனார், வாசலில் கண்ணாடிக் கதவு வந்தது. முதல் ரேங்க் உள்ளே வந்தான்.

கவனியுங்கள். தோல் அதே தோல்தான். நோயாளி மாறினார், காசு மாறியது, தீட்டு கழிந்துவிட்டது. கருத்த தோலை வெளுப்பாக்கித் தருகிறேன் என்று ஆசை காட்டுவதில் பெரிய வருமானம் இருக்கிற நாட்டில், அந்தத் துறைக்குள் கருத்த தோல்காரன் நுழைவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ரேடியாலஜியும் இப்படித்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் தொடங்கியது. கதிர் பட்டு விரல் கருகிப்போன முன்னோடிகள் உலகெங்கும் இருந்த காலம் அது. இருட்டறையில் படம் கழுவுகிற துறை. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. பிறகு அல்ட்ராசவுண்டு, எம்.ஆர்.ஐ. என்று இயந்திரங்கள் வந்தன. தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டர் வந்த பிறகு அந்த இருட்டறை ஏணியின் உச்சிக்குப் போய்விட்டது.

4

இனி பிணத்துக்கு வருகிறேன்.

ஐரோப்பிய மருத்துவம் இந்தியாவில் கல்லூரியாக வந்தபோது அதன் வாசலில் பிணம்தான் கிடந்தது. 1835இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி. அதே ஆண்டில் சென்னையில் மருத்துவப் பள்ளி. பிணத்தை அறுத்துப் படிக்காமல் டாக்டராக முடியாது. தொட்டால் சாதி போய்விடும். என்ன செய்தார்கள்? 1836இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா என்பவர் மனித உடலை அறுத்தார். வைத்தியச் சாதிக்காரர், சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர். அந்த நாளைக் கொண்டாடக் கோட்டையில் பீரங்கி முழங்கியது என்று சொல்லுவார்கள். மருத்துவ வரலாற்று நூல்களில் அவருக்கு ஒரு பக்கம் நிச்சயம் உண்டு.

நானும் அவர் துணிச்சலை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அதற்கு முன்பும் அதற்குப் பின்பும் இந்த நாட்டில் பிணத்தைத் தொட்டவர்கள் லட்சம் பேர். தூக்கினார்கள், எரித்தார்கள், குழி வெட்டினார்கள், பறையடித்தார்கள். அவர்களில் ஒருவனுக்கும் பீரங்கி முழங்கவில்லை. நாம் தொட்டபோது அது தீட்டு. அவர்கள் தொட்டபோது அது விஞ்ஞானம். பதவிக்குப் போகிற வாசலில் கிடந்தால் பிணமும் புனிதமாகிவிடும். சாஸ்திரம் வளைந்துகொடுக்கும்.

அந்த வாசலைக் கடந்தவர்கள் பிறகு அங்கே நிற்கவில்லை. அன்றைக்குப் பீரங்கி முழங்கிய அனாடமிதான் இன்றைக்குக் கவுன்சிலிங்கின் கடைசிச் சுற்றில் ஆளில்லாமல் கிடக்கிறது. முதல் வருஷம் தொட்டுவிட்டுப் போவதோடு சரி. வாழ்நாள் முழுக்க அதோடு இருக்கச் சொன்னால் ஆள் வருவதில்லை.

பிரசவத்திலும் இந்தக் கதை உண்டு. நம் ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் நாவிதர் சமூகத்துப் பெண்கள். ஆண்கள் கட்டியைக் கீறினார்கள், புண்ணுக்கு மருந்து வைத்தார்கள். 'மருத்துவர்' என்பது அந்தச் சாதியின் பெயராகவே இருந்தது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. அந்த மருத்துவச்சியும் எங்கள் தெருவுக்கு வரமாட்டாள் என்று பாட்டி சொல்லும். எங்கள் கிழவிகளே தொப்புள்கொடி அறுத்தார்கள். இந்த அறிவுக்கெல்லாம் பட்டமில்லை, கூலி ஒரு படி நெல். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியத்தால் வாழ்ந்தவர் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். மருத்துவம் நமக்குப் புதிதாகக் கொடுக்கப்பட்ட சலுகை அல்ல. கையில் இருந்ததைத் தீட்டு என்று தள்ளிவிட்டு, பிறகு அதையே பட்டமாக்கி, "உனக்குத் தகுதி இருக்கிறதா?" என்று நம்மிடம் கேட்கிறார்கள்.

5

இந்தக் கேள்வியைச் சட்டமாக்கிய வரலாறு தனி. அம்பேத்கர் 1920இல் மூக்நாயக் இதழில் இந்து சமூகத்தை மாடிப்படி இல்லாத அடுக்குமாளிகையாகக் கண்டார். மருத்துவக் கல்வியில் படியே இல்லாமல் இல்லை. நாம் ஒரு மாடி ஏறினால் அடுத்த மாடியின் கதவைச் சாத்துகிறார்கள்.

முதல் மாடி எம்.பி.பி.எஸ். சென்னை மாகாண வகுப்புவாரி அரசாணைப்படி பதினான்கு இடத்தில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டோருக்கு 2, பிராமணருக்கு 2, அரிஜனுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிமுக்கு 1. அன்றைக்கு மாகாணம் முழுக்க நான்கு மருத்துவக் கல்லூரிகள், 330 இடங்கள். செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. வழக்குப் போட்ட அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை. பெரியாரும் மற்றவர்களும் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டது.

இரண்டாவது மாடி மேற்படிப்பு. 1984இல் வந்த பிரதீப் ஜெயின் தீர்ப்பையடுத்து, மாநில அரசுக் கல்லூரிகளின் மேற்படிப்பு இடங்களில் கால்பங்கு 'அகில இந்தியத் தொகுப்பு' என்று பிரிக்கப்பட்டது. பின்னால் அது பாதியானது. நம் மாநில மக்கள் வரிப்பணத்தில் கட்டிய கல்லூரி. ஆனால் அந்தத் தொகுப்பில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒரு இடம்கூட ஒதுக்கப்படவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டு இப்படியே ஓடியது. 2007 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பிறகுதான் 15 விழுக்காடும் ஏழரை விழுக்காடும் வந்தன. பிற்படுத்தப்பட்டோருக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் காலம் முழுக்க அந்தத் தொகுப்பில் ரேடியாலஜிக்கும் ஸ்கின்னுக்கும் நம் பிள்ளைகள் பொதுப்போட்டியில் முட்டிமோதித்தான் போக வேண்டியிருந்தது.

மூன்றாவது மாடி இதயம், மூளை, சிறுநீரகம் என்ற உயர் சிறப்புப் படிப்பு. 1999இல் பிரீத்தி ஸ்ரீவத்சவா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த மட்டத்தில் சிறப்பு ஒதுக்கீடே கூடாது என்றது. மேற்படிப்பு மட்டத்திலும், பொதுப்பிரிவுக்கு 45 மதிப்பெண் வைத்துவிட்டு ஒதுக்கீட்டுக்கு 20 வைப்பது பெரிய இடைவெளி, அது படிப்பின் தரத்தைக் கெடுக்கும் என்றது. பிறகு பொதுப்பிரிவுக்கு 50, நமக்கு 40 என்று மருத்துவக் கவுன்சில் விதி எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் இன்னொரு தீர்ப்பு: ஒரே ஒரு பதவி இருக்கும் இடத்தில் சுழற்சி முறையிலும் ஒதுக்கீடு கூடாது. உயர் சிறப்புத் துறைகளில் பேராசிரியர் பதவி எத்தனை இருக்கும்? பல இடத்தில் ஒன்றே ஒன்றுதான்.

இதிலே ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. ஒரு துறையில் இருபது இடம் என்றால் நமக்கு 3.6 வரும். பழங்குடிக்கு 0.2 வரும். பெரிய துறையில் ஒதுக்கீடு ஆளாக வருகிறது, சிறிய துறையில் பின்னமாக வருகிறது. பின்னமான மனிதனைக் கவுன்சிலிங்குக்குக் கூப்பிட முடியாது.

சரி, தரம் தரம் என்றார்களே, அந்தத் தரம் என்ன ஆனது? தனியார் கல்லூரிகள் பெருகின. மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கோடிக்கு மேல் கட்டணம் வாங்குகிற இடங்கள் வந்தன. அடிப்படித் துறைகள் காலியாகக் கிடந்தன. 2023 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் நீட் பி.ஜி. தகுதி வரம்பை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் பெர்சன்டைல் என்று இறக்கியது. மொத்தம் 800 மதிப்பெண் உள்ள தேர்வு அது. தப்பான விடைக்குக் கழிக்கப்பட்டு எதிர்மறை மதிப்பெண் எடுத்தவர்களும் கலந்தாய்வுக்கு வரலாம் என்றானது. சில மருத்துவர் சங்கங்கள் கண்டித்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 45க்கும் 20க்கும் உள்ள இடைவெளியில் தரம் செத்துவிடும் என்று எழுந்த குரல் அளவுக்கு, பூஜ்ஜியத்துக்கு எழவில்லை. உச்சி மாடியிலும் இதே கதைதான். ஒதுக்கீடு வேண்டாம் என்று காத்த உயர் சிறப்பு இடங்கள் நூற்றுக்கணக்கில் காலியாகக் கிடந்த ஆண்டுகள் உண்டு. இதய அறுவை, குழந்தை அறுவை போன்ற உழைப்பு மிகுந்த துறைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. நம்மை உள்ளே விடாமல் காத்த இடத்துக்கு அவர்களும் வரவில்லை.

தேர்வில் எடுத்த மதிப்பெண் மட்டுமே தகுதி ஆகிவிடாது என்ற பொருளில் உச்ச நீதிமன்றமே 2022 ஜனவரியில் தீர்ப்பு எழுதியது. நல்லது. ஆனால் வார்டுக்குள் அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை. டெல்லி எய்ம்ஸ் பற்றி விசாரித்த தோராட் குழு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் அங்கே ஒதுக்கப்படுவதை 2007இல் எழுதிவைத்தது. 2019 மே 22 அன்று மும்பையில் மகப்பேறு மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பழங்குடிப் பெண் டாக்டர் பாயல் தாட்வி தற்கொலை செய்துகொண்டார். வயது 26. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டில் மூத்த மாணவியர் மூவர் கைதானார்கள். போட்டி மிகுந்த ஒரு துறையில் அவருக்கு இடம் கிடைத்தது. இருக்க இடம் கிடைக்கவில்லை.

6

என் கதைக்குத் திரும்புகிறேன். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

ஃபாரன்சிக் சேர்ந்த முதல் வருஷம் நான் வெட்கப்பட்டேன். என்ன படிக்கிறாய் என்று கேட்டால் "எம்.டி." என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். பெண் பார்க்கப் போன இடத்தில் "எம்.டி. என்னதுல?" என்று கேட்டார்கள், பேச்சை மாற்றினேன். அதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். பிணவறையில் ஒரு அண்ணன் இருந்தார். அருந்ததியர். ஆஸ்பத்திரியில் அவரைத் 'தோட்டி' என்றே கூப்பிட்டார்கள். மண்டையைச் சுத்தியும் உளியும் வைத்துத் திறப்பவர் அவர்தான். நெஞ்சைக் கீறுபவரும் அவர்தான். டாக்டர்கள் கதவோரமாக மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். அவர் உறுப்பைத் தூக்கிக் காட்டுவார், இவர்கள் எழுதிக்கொள்வார்கள். நானும் கதவோரமாகத்தான் நின்றேன். நைனாவின் கையைத் தொடாமல் சீட்டு எழுதிய டாக்டர் எங்கே நின்றாரோ அங்கேயே நான் நின்றேன்.

ஒருநாள் அந்த அண்ணன் சொன்னார்: "சார், இங்க வந்து பாருங்க. கழுத்துல உள்பக்கம் ரத்தம் கட்டியிருக்கு. தூக்குன்னு எழுதிக் குடுத்திருக்கான். இது தூக்கு மாதிரி தெரியல." கையுறையை மாட்டிக்கொண்டு கிட்டே போனேன். அவர் சொன்னது சரி. பேராசிரியரிடம் சொன்னேன். அறிக்கை மாறியது. பட்டம் எனக்கு, அறிவு அவருக்கு. அவர் கடைசிவரை கடைநிலை ஊழியராகவே ஓய்வு பெற்றார்.

அன்றிலிருந்து கத்தியை நானே எடுத்தேன். பிணம் பேசும் என்று எங்கள் துறையில் சொல்லுவார்கள். யார் காதில் பேசுகிறது என்பதும் முக்கியம். 2013 ஜூலையில் தர்மபுரி இளவரசன் தண்டவாளத்தோரம் கிடந்தபோது முதல் உடற்கூராய்வை நம்ப முடியாமல் மறு ஆய்வு கேட்டார்கள். நீதிமன்ற உத்தரவில் டெல்லியிலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள். 2015 ஜூனில் கோகுல்ராஜ் உடல் தண்டவாளத்தில் கிடந்தது. தற்கொலை போலத் தோன்றும்படி செய்திருந்தார்கள். உடற்கூராய்வுக்குப் பிறகு அது கொலை வழக்கானது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. ஏணியின் கடைசிப் படியில் கிடக்கிற துறைதான் அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டது. மலக்குழியில் இறங்கிச் செத்தவனின் நுரையீரலில் என்ன இருந்தது என்று எழுதுவதும் இந்தத் துறைதான். டேனரிக்காரன் கையில் ஏன் புண், சேரியில் ஏன் காசநோய் அதிகம் என்று கணக்கெடுப்பது அந்த எஸ்.பி.எம். துறைதான்.

இதைச் சொன்னவுடனே ஒரு ஆபத்தும் வருகிறது. "பார், நீயே சொல்கிறாய், கீழ்த்துறைகள் உங்கள் மக்களுக்குத் தேவை, அதையே எடுங்கள், ஸ்கின்னை எங்களுக்கு விடுங்கள்" என்பார்கள். இல்லை. ஸ்கின் வேண்டும், ரேடியாலஜி வேண்டும், இதயம் மூளை எல்லாம் வேண்டும். எங்கள் தோலைப் பார்க்க எங்கள் ஆள் வேண்டும் என்பதற்காக மட்டுமல்ல. எல்லோருடைய தோலையும் பார்க்கிற இடத்தில் நாம் இருக்க வேண்டும் என்பதற்காக. ஒரு துறையை விரும்பி எடுப்பது வேறு, மிச்சம் கிடப்பதை எடுப்பது வேறு. என் துறையை நான் இன்று நேசிக்கிறேன். ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டால் அந்த ஹாலில் எனக்கு நடந்தது சரி என்றாகிவிடும்.

செய்ய வேண்டியவையும் தெரியாமல் இல்லை. அரசுப் பணி மருத்துவர்களுக்கான 50 விழுக்காடு ஒதுக்கீடுதான் கிராமத்து சுகாதார நிலையத்திலிருந்து என்னைப் போன்ற எத்தனையோ பேரைத் தூக்கிவிட்டது. அதை ஒழிக்கப் பார்த்தார்கள். மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அதைக் காக்க வேண்டும். இரண்டு வருஷ டிப்ளமோ படிப்புகள், டி.ஜி.ஓ., டி.சி.எச். போன்றவை முதல் தலைமுறை டாக்டர்களுக்கு நடுப்படியாக இருந்தன. 2019க்குப் பிறகு அந்த இடங்கள் பெரும்பாலும் பட்ட இடங்களாக மாறின. மாறிய இடங்களில் எந்தத் துறைக்கு நம் பிள்ளைகள் எத்தனை பேர் போனார்கள் என்று துறைவாரியாகக் கணக்குக் கேட்க வேண்டும். மொத்தத்தில் 18 கொடுத்துவிட்டோம் என்பது பதிலல்ல. எதில் 18 என்பதுதான் கேள்வி. பிணவறையில் கத்தி பிடிக்கிற தொழிலாளிக்குப் பயிற்சியும் பதவி உயர்வும் சான்றும் வேண்டும் என்று கேட்பதும் நம் வேலைதான்.

போன வருஷம் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வந்தாள். டேனரித் தொழிலாளி ஒருவரின் பேத்தி. "என்ன பி.ஜி. எடுக்கலாம் மாமா?" என்று கேட்டாள். உனக்கு என்ன பிடிக்கும் என்றேன். யோசித்துவிட்டு "ஸ்கின்" என்றாள். "அதுக்கு ரேங்க் எகிறுதே, எனக்குக் கிடைக்குமா?"

"முதல் சாய்ஸ் அதையே போடு" என்றேன். "கிடைக்கலைன்னா ஏன் கிடைக்கலைன்னு ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கேட்போம்."

நைனா இப்போது இல்லை. கடைசிக் காலத்தில் அவர் கையில் மருந்து தடவும்போது நான் கையுறை போட்டுக்கொண்டதில்லை. "பொணத்தைத் தொட்ட கையாடா இது?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். ஆமாம் நைனா, தோலைத் தொட்ட கையைத் தொடுகிறது என்பேன்.